பிணைப்பு எண் இருபத்திரண்டு

மனைவி பெயரைப் போட்டதும் கம்ப்யூட்டர் இருபத்திரண்டு என்று காட்டியது.

சங்கரவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். இருபத்திரண்டேதான். பக்கத்தில் சிவப்பாக ஒரு வட்டம் வேறு.

"தம்பி, ஆதார் நம்பரெல்லாம் சரியாப் போட்டியா?"

"எல்லாம் சரிதாண்ணே," என்றான் ஜெய்லானி. "ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

"இருபத்தேழு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம்ப்பா. வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சாக்கூட அஞ்சு குறையுதே."

முத்திருளாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரவேலுக்கு முப்பது வருஷச் சினேகிதர். அந்த உரிமையில் சிரிக்கலாம்.

ஜெய்லானியின் டிராவல்ஸ் அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் மாடியில் இருந்தது. உம்ரா யாத்திரைக்கும் மலேசியாவுக்கும் ஆள் அனுப்பிப் பழக்கப்பட்டவன். எரிகல் மழை பார்க்க மொராக்கோ பாலைவனத்துக்குப் போக வேண்டும் என்று ஏழு பேர் வந்து நின்றது அவனுக்கு இதுதான் முதல் தடவை. "மழைன்னா குடை எடுத்துக்கணுமாண்ணே?" என்று முதல் நாள் கேட்டான். அப்புறம் அவனே இணையத்தில் படித்துப் பார்த்துவிட்டு, ஏழு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஏழு பேரும் விண்மீன் வட்டத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரவேலின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூடுவார்கள். அமாவாசைக்கு டெலஸ்கோப்பை வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே கரட்டு மேட்டுக்குப் போவார்கள். நவம்பர் மாதம் சிம்மராசிப் பக்கமிருந்து வரும் எரிகற்கள் வருஷா வருஷம் மணிக்குப் பத்து இருபது விழும். முப்பத்துமூன்று வருஷத்துக்கு ஒருமுறை அது கொட்டும். மணிக்கு ஆயிரக்கணக்கில் விழும். போன தடவை கொட்டியபோது சங்கரவேலுக்கு இருபத்து நான்கு வயது. அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிவிட்டது. இந்த வருஷம் நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, நம் கணக்கில் காலை ஒன்பதேகாலில் இருந்து பத்து வரைக்கும் உச்சம். நமக்கு வெயில். மொராக்கோவில் அப்போது விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கும், நல்ல இருட்டு. சங்கரவேலுக்கு இப்போது ஐம்பத்தேழு. அடுத்த தடவைக்கு அவர் இருக்க வேண்டுமானால் தொண்ணூறு வயதில் இருக்க வேண்டும்.

"முன்னெல்லாம் பேங்க் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், இதெல்லாம் கேப்பாங்க," என்றான் ஜெய்லானி. "திரும்பல் ஒப்பந்தம் வந்தப்புறம் அதெல்லாம் போச்சு. வீட்டை வித்துட்டு ஓடுறவன் ஓடிக்கிட்டுத்தான் இருந்தான். இப்ப ஒரே கேள்விதான். யாரை விட்டுட்டுப் போறீக? ஒரு ஆளைச் சொல்லி, அவுக கையெழுத்தும் வாங்கணும். அந்த ஆளுக்காக நீங்க திரும்பி வருவீகளான்னு மிசின் பாக்கும். அறுபதுக்கு மேல வந்தா விசா."

"எதை வச்சுப் பாக்குது?"

"போனை வச்சுத்தாண்ணே. எத்தனை தடவை பேசுறீக, எவ்வளவு நேரம், குரல் எப்படி இருக்கு, எங்க போனாலும் அந்த ஆள் இருக்குற எடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வர்றீக, அவுக போட்டோவ எடுத்துப் பாக்குறீகளா... கடைசி நூறு நாளைக் கணக்குல எடுக்கும்."

"ஆளு கூட வரலாமா?"

"அதெப்படிண்ணே? விட்டுட்டுப் போனாத்தான பிணைப்பு? நீங்க திரும்புற வரைக்கும் அவுக ஊரைத் தாண்டக் கூடாது. ஒரு ஆள் ஒருத்தருக்குத்தான் பிணைப்பா இருக்க முடியும்."

அடுத்து முத்திருளாண்டி. மனைவி பெயருக்கு நாற்பத்தெட்டு வந்தது. "பரவால்லையே, சங்கரவேலுக்கு டபுளு," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சங்கரவேலுக்கு வேறு பெயர் எதையும் காட்டாத மிசின் இவருக்குத் தானாகவே இன்னொரு பெயரைக் காட்டியது. தம்பி பெரியகருப்பன். தொண்ணூற்றாறு.

முத்திருளாண்டி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அவனா? அவன்கூடப் பன்னெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தையே கெடையாது. வரப்புக் கேஸ் நடக்குதுய்யா!"

"பேச்சு இல்லைன்னா என்னண்ணே. வாரத்துக்கு நாலு நாள் அவரு தோட்டத்துப் பக்கம் போய் நிக்கிறீக. அவரு படத்தை எடுத்துப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குறீக."

"வரப்புக் கல்லை நகட்டிட்டானான்னு பாக்குறேன்டா!"

"அது மிசினுக்குத் தெரியாதுண்ணே. இந்த மனுசன் அந்த மனுசனை விட்டுட்டு எங்கயும் இருக்க மாட்டாருன்னு மட்டும் அதுக்குத் தெரியும்."

முத்திருளாண்டி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "அது என்னவோ நெசம்தான். தீர்ப்பு வராம நான் எங்க போவேன்?" என்றார். பிறகு முகம் வெளுத்தது. "அப்ப கையெழுத்து அவன்ட்டயா போய் வாங்கணும்?"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் ரெஜினா டீச்சரின் முறை வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை. கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யார் பெயரைப் போட்டாலும் பத்து, பதினெட்டு என்றுதான் வந்தது. மிசின் தானாகத் தேடி எடுத்துக் கொடுத்த பெயர் பள்ளிக்கூட வாட்ச்மேனுடையது. நாற்பத்தொன்று.

"நான் திரும்பி வர்றதுக்கு எனக்கு நானே போதாதா தம்பி?" என்று கேட்டார் டீச்சர்.

ஜெய்லானி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "நீங்க போய்ட்டு வந்து சொல்லுங்க," என்று படியிறங்கினார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைக்கு வரவில்லை. ஒருநாள் முத்திருளாண்டி போய்க் கூப்பிட்டதற்கு, பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது லீவு மாதம்.

---

சங்கரவேலின் கடை நீளமானது. முன்பக்கம் அவர் கண் பரிசோதனை செய்து கண்ணாடிக்கு எண் எழுதுவார். நடுவில் ஒரு நீலத் திரை. திரைக்குப் பின்னால் மனைவி தெய்வானை உட்கார்ந்து லென்ஸைச் சாணையில் பிடித்து பிரேமுக்குத் தக்கபடி வெட்டிப் பொருத்துவார். மாடியில் வீடு. பிள்ளைகள் இல்லை. அமாவாசை ராத்திரிகளை விட்டால், இந்த இருபத்தேழு வருஷத்தில் இருவருக்கும் இடையே பதினாலு அடிக்கு மேல் தூரம் வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

விஷயத்தைச் சொன்னதும் தெய்வானை சாணையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இருபத்திரண்டா? பாஸ் மார்க்குக்கூட இல்லையே!"

"சிரிக்காத. போன வருஷம் பூரா நாம எத்தனை தடவை போன்ல பேசியிருக்கோம் தெரியுமா? பதினோரு தடவை. எல்லாம் பத்து செகண்டுக்குள்ள. 'கேஸ் சிலிண்டர் வந்துருச்சு.' 'சரி, வையி.' இவ்வளவுதான் பேச்சு."

"கேஸ் வந்தா வேற என்ன சொல்லுவாக?"

"சேந்து எடுத்த போட்டோ ஒண்ணே ஒண்ணு. அதுலயும் நான் தூணுக்குப் பின்னால நிக்கிறேன்."

"கூடவே இருக்குற ஆளை எதுக்குப் போட்டோ எடுக்கணும்?" என்று சாணையை மறுபடி ஓட்டினார் தெய்வானை. அந்தச் சத்தத்துக்கு மேலே, "இப்ப என்ன செய்யணுமாம்?" என்று கேட்டார்.

செய்ய வேண்டியதை ஜெய்லானி துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். இன்றிலிருந்து நூறு நாள். தினமும் இருபது நிமிஷம் போனில் பேச வேண்டும். ஒருநாள் அவர் கூப்பிட வேண்டும், மறுநாள் தெய்வானை. பேசும்போது குறைந்தது ஒரு கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும். போனை மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தால் மிசின் கண்டுபிடித்துவிடும்.

அப்படியாகத்தான் சங்கரவேல் தினமும் பதினோரு மணிக்குக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போக ஆரம்பித்தார்.

முதல் நாள்.

"ம், சொல்லு," என்றார்.

"நீங்கதான கூப்டீக. நீங்க சொல்லுங்க."

"சாப்டியா?"

"பதினோரு மணிக்கு என்ன சாப்பாடு?"

அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. கண்மாயில் ஒரு எருமை முங்கி எழுந்தது. அதைச் சொன்னார். "எத்தனை எருமை?" என்று கேட்டார் தெய்வானை. ஒன்றுதான் என்றார். இருபது நிமிஷம் இவ்வளவு நீளமானது என்று அன்றைக்குத்தான் சங்கரவேலுக்குத் தெரிந்தது.

பத்து நாளில் கடைப் பேச்சு தீர்ந்துபோனது. அதற்கப்புறம் அவர் தனக்குத் தெரிந்ததைப் பேச ஆரம்பித்தார். வால்மீன் போன பாதையில் தூசி எப்படி மிதந்து கிடக்கிறது, அதற்குள் பூமி எப்படிப் புகுந்து வருகிறது, கடுகு அளவு தூசி எப்படி அத்தனை வெளிச்சமாக எரிகிறது. தெய்வானை நல்ல கேள்விகளாகக் கேட்டார். விண்மீன் வட்டத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்விகள். "தூசி அங்கயே நிக்குதா, அதுவும் சுத்துதா? சுத்துதுன்னா போன தடவை விழுந்த தூசிக்குக் கூடப் பொறந்த தூசிதான இப்ப விழுறது?"

எண் ஏறியது. முப்பதாம் நாள் நாற்பது. ஐம்பதாம் நாள் ஐம்பத்தைந்து. ஜெய்லானி வாட்ஸப்பில் கைதட்டுகிற பொம்மை அனுப்பினான்.

ஒருநாள் அவர் கூப்பிட்டு மூன்று தடவை மணியடித்தும் தெய்வானை எடுக்கவில்லை. நாலாவது தடவையும் எடுக்கவில்லை. சங்கரவேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து பார்த்தால், அவர் வாசலில் கீரைக்காரியிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். "என்ன, அதுக்குள்ள வந்துட்டீக?" என்று கேட்டார். "சும்மாதான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அறுபத்தோராம் நாள் தெய்வானையின் முறை. கூப்பிட்டதுமே, "ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது," என்றார்.

"சொல்லு."

"நம்ம டெலஸ்கோப்புக் கண்ணாடிய நான்தான தேச்சேன்?"

"ஆமா, நீதான். பதினாலு மாசம்."

"ஊரெல்லாம் சங்கரவேல் டெலஸ்கோப்புங்குறாக. அது இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. அமாவாசைக்கு அமாவாசை ஏழு பேருக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்து அனுப்புறேன். ஒரே ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போனீக. சனிக்கோளைச் சுத்தி வளையம் இருக்குல்ல, அதைப் பாத்தேன். ரெண்டு நிமிஷம்தான். பின்னால ஆள் நின்னாக, நகந்துட்டேன்."

சங்கரவேல் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இந்த எரிகல்லை நானும் பாக்கணும்னு இருக்கு."

"நீ வந்தா எனக்குப் பிணைப்புக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அது வாயிலிருந்து வந்த பிறகுதான் எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

"அதுதான் தெரியுமே. கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லல. பாக்கணும்னு இருக்குன்னு சொன்னேன். மூஞ்சிக்கு நேரா இதெல்லாம் எனக்கு வராது. போன்ல வந்துருச்சு. சரி, ரசத்துக்குப் புளி கரைக்கணும். இன்னும் எத்தனை நிமிஷம் பாக்கி இருக்கு?"

"ஒம்பது."

"அப்ப பேசுங்க."

மத்தியானம் கடைக்கு வந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து கை நீண்டு வெட்டிய லென்ஸைக் கொடுத்தது. முகம் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு பெரியவருக்கு எழுதிய எண்ணில் ப்ளஸ்ஸை மைனஸாகப் போட்டுவிட்டார். திரைக்குப் பின்னால் இருந்து, "இது சரியா வராதே, நல்லாப் பாருங்க," என்று தாள் திரும்பி வந்தது.

---

நூறாம் நாள் எண் எண்பத்தொன்று.

"மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீகண்ணே!" என்று ஜெய்லானி எழுந்து நின்று கை கொடுத்தான். "விசாவுக்குப் போட்டுரலாமா?"

"தம்பி, ஆளை மாத்தணும். அவ போகட்டும். பிணைப்புக்கு என் பேரைப் போடு."

ஜெய்லானி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மொதல்ல யாருண்ணே இந்தக் குரூப்பைச் சேத்தது? ஒன்றரை வருஷமா உச்சம் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் படுக்கணும்னு படம் போட்டுக் காட்டிக்கிட்டிருந்தது யாரு?"

"படம் அவ பைக்குள்ள இருக்கும். அடுத்த வருஷமும் இந்த மழை உண்டு. இந்த அளவுக்கு இருக்காது, இருந்தாலும் நல்லாவே விழும். அப்ப நான் போறேன், அவ இருக்கட்டும். எம்பத்தொண்ணு எங்கயும் ஓடிராதுல்ல?"

ஜெய்லானி பெயர்களை மாற்றிப் போட்டான். பொத்தானை அழுத்தினான். அவன் முகம் மாறியது.

முப்பத்து நான்கு.

"என்னப்பா இது? அதே போன்தான். அதே நூறு நாள்தான். நான் பேசுனதுக்கு எம்பத்தொண்ணு, அவ பேசுனதுக்கு முப்பத்து நாலா?"

ஜெய்லானி விவரப் பக்கத்தைத் திறந்து வெகுநேரம் படித்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

"எவ்வளவு நேரம் பேசுறோம்னு மட்டும் மிசின் பாக்கறதில்லண்ணே. கூப்பிட்டு எடுக்கலைன்னா என்ன செய்றோம்னு பாக்கும். அதுக்குத்தான் நெறைய மார்க்கு. மதினி எடுக்கலைன்னா நீங்க மூணு தடவை, நாலு தடவை அடிச்சிருக்கீக. ஒருநாள் சைக்கிள்ல பறந்து வந்திருக்கீக. மதினி கூப்பிட்டு நீங்க எடுக்காம இருந்தது பத்தொம்பது தடவை." குரலைத் தாழ்த்தினான். "ஒரு தடவைகூட அவுக மறுபடி அடிக்கலண்ணே. நீங்களா திருப்பிக் கூப்பிட்டப்புறம்தான் பேச்சே நடந்திருக்கு."

"அதுனால?"

"இந்த மனுசர் இல்லைன்னாலும் இவுக இருந்துக்குவாகன்னு மிசின் எடுத்துக்குது."

சங்கரவேல் படியிறங்கி வரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கடைக்கு வரும் வழியில் இரண்டு பேர் வணக்கம் வைத்தது அவருக்குத் தெரியவில்லை. கடைக்குள் நுழைந்து, ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்.

"நான் போன் எடுக்கலைன்னா நீ ஏன் மறுபடி அடிக்கிறதில்ல?"

சாணை நின்றது. "என்ன கேள்வி இது?"

"சொல்லேன்."

"எடுக்கலைன்னா வண்டிச் சத்தத்துல கேட்டுருக்காது. இல்லாட்டி யாராவது பிடிச்சு நிறுத்திப் பேசிக்கிட்டிருப்பாக. எப்படியும் வீட்டுக்குத்தான வருவீக? வரப்போற ஆளுக்கு எதுக்கு மறுபடி மறுபடி அடிச்சுக்கிட்டு?"

சாணை மறுபடி ஓடியது. சங்கரவேல் திரைக்கு இந்தப் பக்கம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். பதில் என்று அவர் பயந்துகொண்டு வந்தது வேறு. இப்போது கேட்டது, சாணைச் சத்தம் ஓய்கிற வரைக்கும் அவருக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் எழுந்து திரையை விலக்கி, மொராக்கோவுக்குப் போகப் போவது தெய்வானைதான் என்று சொன்னார்.

தெய்வானை ஒத்துக்கொள்ள நாலு நாள் ஆனது. "முப்பத்து மூணு வருஷமா ஏங்கிக்கிட்டுக் கெடந்தது நீங்க. நான் ஏதோ வாய் தவறிச் சொன்னேன்," என்றார். "இட்லிக்கு யாரு மாவாட்டுவா?" என்றார். கடைசியில், "அடுத்த வருஷம் நீங்க போறதுன்னு எழுதிக் கொடுத்தாத்தான்," என்றார். சங்கரவேல் கண்ணாடி எண் எழுதுகிற சீட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

எண் அறுபதுக்குக் கீழே இருந்தால் இன்னொரு வழி உண்டு. தனிப் பொறுப்பு என்று அதற்குப் பெயர். பிணைப்பு ஆள் தன் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். பயணம் முடிகிற வரைக்கும் மிசின் தினமும் எண்ணைப் பார்க்கும். இருபதுக்குக் கீழே இறங்கினால் இருவரும் பத்து வருஷத்துக்கு எந்த நாட்டுக்கும் போக முடியாது. ஜெய்லானி இதை மூன்று தடவை படித்துக் காட்டினான். சங்கரவேல் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். தெய்வானையிடம் இதைச் சொல்லவில்லை.

---

தெய்வானையோடு சேர்த்து ஆறு பேரும் நவம்பர் பதினாலாம் தேதி கிளம்பினார்கள். முத்திருளாண்டி தம்பியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். எப்படி வாங்கினார் என்று கேட்டதற்கு, "நீ ஓடிப் போயிட்டா கேஸ் எனக்கு ஜெயிச்சிரும்டான்னு சொல்லித்தான் போட்டான், பயபுள்ள," என்றார். தெய்வானை புதுச் செருப்பு வாங்கியிருந்தார். வேனில் ஏறும்போது, "பிரிட்ஜுல குழம்பு ரெண்டு நாளைக்கு இருக்கு," என்றார்.

போய்ச் சேர்ந்ததும் குரல் பதிவு ஒன்று வந்தது. "வந்துட்டோம். இங்க மணல் நாம கண்ணாடி தேய்க்கிற பொடி மாதிரியே இருக்கு. அவ்வளவு நைசு. குளிரு ஜாஸ்தி. வையிங்க." குரல் பதிவை எப்படி வைப்பது என்று சங்கரவேல் சிரித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. கூடாரத்தில் சார்ஜ் போட ஒரே ஒரு இடம்தான் என்று மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். சங்கரவேல் இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தார். இரண்டு தடவையும் அந்த நேரத்தில் தெய்வானை என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்தார். கீழே வைத்துவிட்டார். தெய்வானையின் எண் முப்பதானது. இருபத்தாறானது.

சனிக்கிழமை காலை. லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்ட்டிபிகேட் கேட்டு ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கண்ணை மூடச் சொன்னபோது ஜெய்லானி கூப்பிட்டான். மணி ஒன்பது பத்து.

"அண்ணே, இருபத்தொண்ணுல நிக்குது! ஒம்பதே முக்காலுக்கு அடுத்த கணக்கு எடுக்கும். இறங்கிருச்சுன்னா உங்க போன் நீளமாக் கூவும், சிவப்பு. ஒடனே மதினியக் கூப்பிடுங்க. மூஞ்சி தெரியுற மாதிரிக் கூப்பிடணும், அதுக்குத்தான் மார்க்கு. ஒரே ஒரு நிமிஷம் போதும்."

"மத்தவுகளுக்கு?"

"எல்லாரும் பேசியாச்சு. முத்திருளாண்டியண்ணன் நேத்துத் தம்பியோட முக்கா மணி நேரம் சண்டை போட்டுருக்காரு. தொண்ணூத்தெட்டு."

சங்கரவேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே இப்போது எல்லோரும் மணலில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்திருப்பார்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அப்படித்தான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"தம்பி, இருட்டுல கண்ணு பழகறதுக்கு அரை மணி நேரம் ஆகும். போன் வெளிச்சம் ஒரு தடவை மூஞ்சில அடிச்சா எல்லாம் போயிரும். மறுபடி மொதல்ல இருந்து அரை மணி. மழையே முக்கா மணிதான்."

"அண்ணே, புரியாமப் பேசாதீக. சிவப்பு விழுந்துட்டா அடுத்த வருஷம் நீங்க போக முடியாது. பத்து வருஷம்ணே! உங்களுக்கு அறுபத்தேழு ஆயிரும். அதுக்கப்புறம் எங்க போய் இந்த மழையப் பாப்பீக?"

"தெரியும்ப்பா."

"பெறகென்ன? ஒரு நிமிஷம்..."

"இப்ப கூப்பிட்டா அவ போனைப் பாப்பா," என்றார் சங்கரவேல். "மேல பாக்க மாட்டா."

"சரிண்ணே," என்று ஜெய்லானி வைத்தான்.

சங்கரவேல் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். லாரி டிரைவருக்கு இரண்டு கண்ணையும் பார்த்து முடித்தார். நல்ல பார்வை. சர்ட்டிபிகேட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, அவரோடு சேர்ந்து வாசலுக்கு வந்தார். மணி ஒன்பதே நாற்பது இருக்கும். தெரு வெயிலில் கண் கூசியது. பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சங்கரவேல் படியிலேயே நின்று, கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, மேலே பார்த்தார்.

"என்ன சார், பிளேனா?" என்று கேட்டார் டிரைவர்.

"எரிகல் விழுது."

டிரைவரும் அண்ணாந்தார். நீலமாக, ஒரு மேகம்கூட இல்லாமல் இருந்தது. "எங்க சார்? ஒண்ணையும் காணோமே?"

"பகல்ல தெரியாதுங்க. இந்நேரம் நம்ம தலைக்கு மேலயும் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

உள்ளே மேசையில் போன் ஒருமுறை நீளமாகக் கூவி அடங்கியது. சங்கரவேல் திரும்பவில்லை. டிரைவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கூடவே அண்ணாந்து நின்றார்.